கிழமைக் காசு

இடமாற்றக் கடிதத்தில் கிளிநொச்சி ஒரு சொல்.
வந்து இறங்கினால் நீளமான ஒரு வீதி,
இரண்டு பக்கமும் கடை.
கடைகளுக்குப் பின்னால் எங்கோ
வீடுகள் இருக்கத்தான் வேண்டும்.

பகலில் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடம்.
இரவில் தாதியர் விடுதி,
யாரோ ஒருத்தியின் கட்டிலுக்குக் கீழே என் சூட்கேஸ்,
பக்கத்தில் பாய்.
பதினாலு நாள்தான் என்று
பொறுப்பாளர் முதலே சொல்லிவிட்டார்.

தரகர் சின்னராசா
ஐந்நூறு ரூபா வாங்கினார், பெற்றோலுக்காம்.
கரடிப்போக்கில் ஒரு மாடி வீடு.
வாசலில் நிற்கும்போதே
கூரை மூலையிலிருந்து குரல் வந்தது:
"கொஞ்சம் இஞ்சால நில்லுங்கோ, முகம் தெரியேல்லை."
சுவிசில் அப்போது காலை.
கமெராவுக்குள் யாரோ
தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற சத்தம்.
கலியாணம்? இல்லை.
ஆரும் வந்து போவினமோ? அண்ணன்.
சொந்த அண்ணனோ?
மட்டக்களப்பில எவடம்? அங்க நீங்கள் என்ன ஆக்கள்?
இரத்த வகையைக் கேட்டிருந்தால்
உடனே சொல்லியிருப்பேன்.

இரண்டாவது வீட்டில் கிணறு.
அள்ளி வாயில் விட்டேன், உவர்.
"குளிக்கலாம் தங்கச்சி" என்றார் தரகர்,
"குடிக்கிறதை வாங்கலாம்."
மூன்றாவதற்கு ஆறு மாத முற்பணம்.
நாலாவது நேற்றுத்தான் போனதாம்,
ஏதோ ஒரு என்ஜிஓவுக்கு.
பெற்றோல் மட்டும் ஒவ்வொரு நாளும் முடிந்தது.

கடைசியில் வீடு காட்டியது
பாண்கார யூட்.
ஓட்டோவை நிறுத்தி, அந்த ஒரே பாட்டையும் நிறுத்தி,
"மிஸ், நான் தரகன் இல்லை" என்றான்.
"ஆனா எந்தப் படலை திறக்காதெண்டு எனக்குத் தெரியும்.
பாட்டுக் கேட்டும் வராட்டி
அங்க ஆளில்லை,
இல்லாட்டிக் காசில்லை."
அவன் சொன்ன வீடு இரண்டாவது வகை.

உதயநகர் உள் ஒழுங்கையில் வீட்டுத்திட்ட வீடு.
சுவரில் பதித்த கல்லில்
ம. புஸ்பமலர், இலக்கம் நூற்றுப் பதினேழு.
பக்கச் சுவர் பூசவில்லை,
யன்னல் ஒன்றுக்கு இன்னும் உரப்பைதான் கதவு.
தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன்.
இனித்தது.

"நான் பின்னுக்குக் குசினிக் கொட்டிலில இருப்பன்.
முன் வீடு முழுக்க உங்களுக்கு."
கலியாணம் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.
முற்பணம் எவ்வளவு என்றேன்.
"அதொண்டும் வேண்டாம். மாசக்காசும் வேண்டாம்.
நாலாப் பிரிச்சு
கிழமைக்குக் கிழமை, திங்கள் இரவில தாறியளோ?"

ஏன் என்று செவ்வாய் காலை விளங்கியது.
ஹெல்மெட் கழற்றாத ஒரு பொடியன்,
முதுகில் பை.
மாமரத்தடியில் ஐந்து பெண்கள், ஐந்து கொப்பி.
ஒருத்தி கட்டாவிட்டாலும்
ஐவரும் எழும்ப ஏலாது.
நேற்றிரவு நான் எண்ணிக் கொடுத்த தாள்கள்,
ஓரத்தில் என் பேனை மை ஊறிய நூறு ரூபா உட்பட,
ஒரு கடையும் பார்க்காமல்
அவன் பைக்குள் போயின.
யன்னலில் பற்பசை வாயோடு நின்ற நான்
அந்தக் குழுவில் பெயர் எழுதாத ஆறாவது ஆள்.

கார்த்திகை மழை மூன்றாம் நாளும் விடவில்லை.
இரவு கதவில் தட்டு, மெல்ல, இரண்டு தரம்.
தன் பெயர் பதித்த கல்லுக்குப் பக்கத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார் அக்கா,
கக்கத்தில் சுருட்டிய பாய்.
"கொட்டில் ஒழுகுது மிஸ்.
ஒரு மூலை காணும், விடியப் போயிடுவன்."

"என்னக்கா, உங்கட வீடுதானே?"

"கிழமைக்காசு தந்திட்டியளே" என்றார்,
"ஞாயிறு வரைக்கும் உங்கட."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து,
விளக்குப் போடாமல், தடவாமல், நேராகப் போய்
கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேஸைத் தூக்கி
மேலே வைத்தார்.
"இந்தப் பக்கத்தாலதான் தண்ணி வரும்."