பாலத்தடி அளவை

கூட்டரசு நெடுஞ்சாலையில், பங்சார் தாண்டி,
இரயில் பாலத்துக்குக் கீழே
முதன்முதலில் அவரைப் பார்த்தபோது
ரொட்டி சானாய் மாவைத் தட்டில் பரப்பி
மழைக்குள் நீட்டிக்கொண்டிருந்தார்.
நாங்கள் இருபது முப்பது மோட்டார்கள் ஒதுங்கியிருந்தோம்.
பைத்தியம் என்று யாரோ மலாயில் சொன்னான்.
ஆமாம் என்று மலாயிலேயே பதில் வந்தது.

துளி விழுந்த இடத்தில் மாவு உருண்டுகொள்ளும்.
காயவைத்துச் சலித்தால்
எந்தத் துளி எவ்வளவு பெரிது என்று தெரியுமாம்.
தட்டை நான் வாங்கிக்கொண்டேன். கடிகாரம் அவரிடம்.
நான்கு விநாடி. மூடுங்கள்.
பேராசிரியர் திலகேஸ்வரி, நீரியல்.
கொடுத்த அட்டை ஊறிப்போயிருந்தது.

அப்புறம் வருசத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்தார்.
தகரத்தின் அடியில் ஒட்டிய மைக்.
கைப்பேசிக் கோபுரங்களுக்கு நடுவே
மழையில் தேய்ந்துபோகும் அலையின் கணக்கு.
எனக்கு லைன் கிடைக்காத நேரம்
உங்களுக்குத் தரவு கிடைக்கிறது என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

மழைமானி போதாதா?
சுபாங்கில் ஒன்று இருக்கிறது, அம்பாங்கில் ஒன்று.
இந்த ஊர் மழை ஒரு தெருவில் கொட்டும்,
அடுத்த தெருவில் துணி காயும்.
போதாததற்கு, புனலுக்குள் பல்லி முட்டையிடுகிறது.

மழைப்பேறும் பிள்ளைப்பேறும்
மகாதேவனுக்கும் தெரியாது என்றேன்.
வரப்போவது தெரியாது, சரி,
வந்துபோனது எவ்வளவு என்றுகூடத்
தெரியவில்லையே என்றார்.
குரலில் கொஞ்சம் கோபம்.

உழவு மழை என்று ஓர் அளவு இருந்ததாம்,
ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்தால் ஓர் உழவு.
இங்கே எதை உழுவது?
மேலே சாலைக் கேமராவைப் பார்த்தார்.
கீழே எங்களைப் பார்த்தார்.

அப்படித்தான் நாங்கள் அளவையானோம்.
தூறலுக்கு எவனும் ஒதுங்கமாட்டான்.
ஆறு மோட்டார் நின்றால் ஒரு மழை,
இடது தடம் அடைபட்டால் அது வேறு மழை.
மழைச்சட்டை வைத்திருப்பவன் அரை ஆள்.
சாப்பாடு கொண்டுபோகிறவன் கணக்கிலேயே இல்லை,
அவன் எதற்கும் நிற்பதில்லை.
ஒன்பது வருசம்.

ஒரு புதன்கிழமை கூப்பிட்டார்.
பதினேழாம் தேதி, மூன்று ஐந்துக்கு,
அந்த மஞ்சள் பெட்டி உங்களுடையதுதானே?
ஐம்பது நிமிடம் நின்றிருக்கிறது.
அன்றைக்கு மழையே இல்லையே.

டெஸ்பேட்ச் வேலைக்கு இனி ஆள் வேண்டாம் என்று
கம்பெனி அன்று காலைதான் கடிதம் கொடுத்தது.
வீட்டுக்குப் போகும் வழியில்
ஒதுங்கத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.
பிறகு கேட்டார்:
வெயிலிலா நின்றீர்கள், நிழலிலா?

ஓய்வு பெற்ற மாதம்
தன் கடைசிக் கட்டுரையை அனுப்பிவைத்தார்.
வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் கோட்டை ஒட்டி ஏற,
ஒன்று மட்டும் கீழே, சுழியத்தின் மேல், தனியாக.
அடிக்குறிப்பை மகள் படித்துச் சொன்னாள்:
ஒதுங்கியது உண்மை. காரணம் மழையன்று.
புள்ளி நீக்கப்படவில்லை.

இப்போது நான் சாப்பாட்டுப் பெட்டி சுமக்கிறேன்.
நேற்று பாலத்தைக் கடந்தபோது
இடது தடம் அடைபட்டிருந்தது.
நான் நிற்கவில்லை.