பூவில் பேசிய விலை

தை கடைசி. சந்தூர்ப் பக்கம்
மாமரமெல்லாம் பூத்து மஞ்சளாய் நிற்கிறது.
வியாபாரி மாதப்பன் பைக்கை வரப்போரம் சாய்த்துவிட்டு
அண்ணாந்து பார்க்கிறார்.
பெங்களூரா நாற்பது, செந்தூரா பதினெட்டு, மீதி நீலம்.
விரல் மடக்காமலே எண்ணிவிடுகிறார்.

நான் மோட்டார் கொட்டகைப் படியில்.
மடியில் விமானக் கம்பெனி அனுப்பிய முப்பத்தொரு பக்கம்.
போனில் தனியார் பயிற்சிக்கூடத்தின் கொட்டேஷன்:
இருபத்திரண்டு லட்சம், ஜிஎஸ்டி தனி.

லைசென்ஸ்தான் வாங்கியாச்சே, இன்னும் எதுக்குப் படிப்பு?
சித்தப்பா கேட்காத பண்டிகை இல்லை.
இருநூற்று நாலு மணி நேரம் பறந்திருக்கிறேன் சித்தப்பா,
எல்லாம் குட்டி விமானம், ஸ்கூட்டர் மாதிரி.
நூற்றெண்பது பேரை ஏற்றுகிற வண்டிக்கு
அந்த ரகத்தின் பெயரிலேயே தனி முத்திரை வேண்டும்.
டைப் ரேட்டிங்.
ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கு ஆகாது.
"செந்தூரா மருந்தை நீலத்துக்கு அடிச்ச மாதிரி" என்றார்.
அப்படி இல்லை.
தலையாட்டினேன்.

கம்பெனித் தாளில்
பயிற்சி அவர்களுடையது, சிமுலேட்டர் அவர்களுடையது,
முடிந்தபின் ஐந்து வருடம்
நானும் அவர்களுடையவள்.
பதினாலாம் பக்கம், பொடி எழுத்து:
தேறாவிட்டால் செலவு முழுதும் என் தலையில்.
நடுவில் விலகினால் ஒரு தொகை.
இலக்கங்களை இரண்டு முறை எண்ணினேன். ஏழுதான்.

சொந்தக் காசில் படித்தால் பத்திரமில்லை, பிடித்தமில்லை.
வேலையும் இல்லை என்பது
ஷாஹினா சொல்லித் தெரிந்தது.
வீட்டை அடமானம் வைத்துப் படித்தாள்.
முத்திரை விழுந்த மாதம் ஆளெடுத்த கம்பெனி
வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தது வேறு ரகம்.
இப்போது கை மறந்துவிடாமலிருக்க
சிமுலேட்டருக்கு மணிக்கணக்கில் கட்டுகிறாள்.
"ஓட்டாத காருக்கு இன்சூரன்ஸ்டி" என்று சிரித்தாள்.
சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று.

தேவப்பிரசாத் கையெழுத்துப் போட்டான். பறக்கிறான்.
கம்பெனியைப் பற்றிப் பேசும்போது
"நாம" என்கிறான்.

மாதப்பன் ஒரு விலை சொல்கிறார்.
அப்பா ஒரு சுள்ளியை ஒடிக்கிறார், இன்னொன்றை ஒடிக்கிறார்.
போன வருடம் பூவிலேயே விற்றோம்.
ஆலை வாசலில் கிலோ முப்பதுக்குப் போனது, மாதப்பனுக்கு.
அதற்கு முந்தின வருடம்
நாங்களே மருந்தடித்து, நாங்களே காவலிருந்து,
காவேரிப்பட்டணம் கூழ் ஆலை வரிசையில்
டிராக்டரோடு ஒன்றரை நாள் நின்றோம்.
கிலோ நாலு ரூபாய். பறிகூலிக்கே பற்றவில்லை.
அந்த வருடம்தான் பறக்கும் பள்ளியில் என் மூன்றாம் தவணை.
கட்டினார்கள். எப்படியென்று நான் கேட்டதில்லை.

இன்று கேட்டேன், மாதப்பனிடம்:
ஆலங்கட்டி விழுந்தா?
"என் பாடு."
விலை ஏறினா?
"அதுவும் என் பாடுதானேம்மா." பல் தெரியச் சிரித்தார்.
காயே பிடிக்கலன்னா?
கொஞ்சம் யோசித்தார். மரத்தைப் பார்த்தார்.
"அப்ப அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பேன்."

பதினாலாம் பக்கம்.
இவர் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ராத்திரி என் அறையில் இரண்டு காக்பிட்.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்து பிளக்ஸ் கடையில்
மஞ்சள்நீராட்டு பேனர்களுக்கு நடுவே அடித்து வாங்கியவை.
எந்த ரகம் வாய்க்குமென்று தெரியாததால்
எதிரெதிர்ச் சுவரில் ஒவ்வொன்று.
பிளாஸ்டிக் நாற்காலியை அந்தப் பக்கம் போட்டு ஒரு மணி நேரம்,
திருப்பிப் போட்டு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம்.

ஓடுபாதையில் ஒரு வேகம் இருக்கிறது.
அதுவரை நிறுத்தலாம்.
தாண்டிவிட்டால் இன்ஜின் எரிந்தாலும் மேலேதான் போகவேண்டும்.
அந்த இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர்
வாய்விட்டுச் சொல்வார். ஓட்டுகிறவர்
த்ராட்டிலிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.
பக்கத்து இருக்கை இல்லாததால் நானே சொல்கிறேன்: வி ஒன்.
பிளக்ஸிலிருந்து கையை எடுக்கிறேன்.

அடுத்த அறையில்
அப்பா அட்வான்ஸை எண்ணிக்கொண்டிருக்கிறார்.
என் குரல் கேட்டு எண்ணிக்கை தவறி
முதலிலிருந்து தொடங்குகிறார்.