எந்தக் காது

பரதராமி சோதனைச் சாவடிக்கு
நூறு அடி இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய், முன்னும் பின்னும் மூன்று.
பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை கட்டும் மாதங்களில்
கண்ணாடியில் புழுதி ஏறி
எல்லா நகலிலும் ஒரு கறுப்புக் கோடு விழும்.
துடைத்தாலும் விழும்.

நாயக் தேசிங்கு, மெட்ராஸ் சாப்பர்ஸ், ஓய்வு.
கண்ணிவெடி எடுக்கிற வேலை.
இடது காதை ஒரு பனிச்சரிவில் விட்டுவிட்டு வந்தார்.
வலது காது அப்புறம் போனது,
பென்ஷன் பற்றாமல் குப்பம் பக்கம் கிரானைட் குவாரியில்
ஒன்பது வருஷம் வெடி வைத்ததில்.
எடுத்த கைதான் வைத்தது.
அதை அவர் சொல்லவில்லை,
நகல் எடுக்கையில் நானாகப் படித்தது.

முதலில் ஒரே மனு, பதினோரு பக்கம்.
டெல்லியிலிருந்து பதில்:
ஓய்வூதியம் பாதுகாப்பு நிலைக்குழுவின் பொருள்,
ஆனால் தனிநபர் குறைகளைக் குழு ஆராய்வதில்லை.
சுகாதாரக் குழுவுக்கு ஒரு நகல்.
படைவீரர் மருத்துவம் தங்களுக்குள் வராது என்றார்கள்.
தொழிலாளர் குழுவுக்கு ஒன்று.
குவாரி மாநில விஷயம்.
சென்னை மனுக்கள் குழு:
குவாரி அண்டை மாநிலத்தில் உள்ளது.
அமராவதிக்குத் தெலுங்கில் எழுத
சித்தூர் பஸ் கண்டக்டர் ஒருவரைப் பிடித்தோம்.
அவர்கள் கேட்டது ஒன்றுதான்,
மனுதாரரின் ரேஷன் அட்டை ஏன் தமிழ்நாட்டுடையது?

எங்கள் தெருவில் தீபாவளிக்குப் பங்குக்கறி போடுவார்கள்.
ஈரலுக்குச் சண்டை வரும்,
எலும்பு கூடிப்போச்சு என்று ஒருத்தி இலையைத் திருப்பி வைப்பாள்.
இத்தனை கூறாக ஒரு ஆளைப் போட்டும்
ஒருவர்கூடப் பங்கு கேட்டு வராத இடத்தை
நான் இதில்தான் பார்த்தேன்.

குற்றம் சொல்லவில்லை.
கோடு போடாமல் வேலை ஓடாது.
என்னிடமே ஆதாருக்கு ஒரு டப்பா, பட்டாவுக்கு ஒரு டப்பா.
இரண்டிலும் சேராத தாள்களை
மெஷினுக்கு அடியில்தான் தள்ளுகிறேன்.

போன ஆடி மாதம் குழு வேலூருக்கே வந்தது.
கலெக்டர் ஆபீஸ், டோக்கன் நாற்பத்தொன்று.
கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்,
அவருக்குக் காதாக.
தலைவர் அம்மா கோப்பைப் புரட்டினார்,
கறுப்புக் கோட்டை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.
‘இது எந்தப் பொருள்ல வருது?’
அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
வலது காதில் மிச்சமிருந்த கொஞ்சத்துக்குள்
நான் அந்தக் கேள்வியைக் கத்தினேன்.

தேசிங்கு எழுந்து விறைப்பாக நின்றார்.
‘எந்தக் காதும்மா கேக்குறாங்க?’

மண்டபமே சிரித்தது.
அந்த அம்மா சிரிக்கவில்லை, ஏதோ எழுதினார்.
என்ன எழுதினார் என்று தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன்.
தொழில் பழக்கம்.
அதற்குள் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நேற்று வந்தார்.
மழை பெய்து புழுதி அடங்கியிருந்தது.
‘இன்னாம்மா, இதெல்லாம் ஒரே தாள்ல வருமா?’
டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவ வாரியச் சீட்டு,
குவாரிக் கூலி அட்டை, ரேஷன் அட்டை,
ஐந்து குழுக்களின் ஐந்து பதில்கள்
எல்லாவற்றையும் கண்ணாடிமேல் அவரே பரப்பினார்,
ஒன்றின் ஓரம் இன்னொன்றின்மேல் ஏற,
கண்ணி தேடுகிறவரைப் போல
மெதுவாக, உள்ளங்கை படாமல்.

மூடி சரியாகப் பொருந்தவில்லை.
கையால் அழுத்திப் பிடித்தேன்.
வெளிச்சம் ஓரத்தில் கசிந்து ஓடியது.

தாள் சூடாக வந்தது.
பாதி எழுத்து படிக்க முடியாது, பாதி நிழல்.
கோடு மட்டும் எல்லாவற்றின் மேலும்
ஒரே நேராகப் போயிருந்தது.
ரொம்ப நேரம் பார்த்தார்.
பத்து ரூபாய் நீட்டினார்.

ஒரு பக்கம்தான் என்று
எட்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.