பத்தொன்பது ஃபிரேம்

காளவாசல் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
உடைந்த திரை மாற்றுவேன்,
சார்ஜ் ஏறாத போனுக்கு ஊசியால் பல் குத்திவிடுவேன்.
ஆள் வராத மதியங்களில்
திருமங்கலம் லோகாம்பாளை வெட்டுவேன்.

வெட்டுவது என்றால் மூன்று விநாடி.
கையில் கரண்டி. கேள்வி கேட்ட கஞ்சப் புருஷனைப் பார்த்து
ஒரு புருவம் ஏறும், மற்றது வரமாட்டேன் என்கும்.
கீழே எழுத்து எதுவும் போடுவதில்லை.

அறுபத்தொரு படம் நடித்திருக்கிறாள்.
டைட்டிலில் 'மற்றும் பலர்' என்பதற்கு
முந்தின பெயர் எப்போதும் அவளுடையது;
இரண்டு படங்களில் லோகநாயகி, ஒன்றில் லோகாம்பான்.
நாயகிக்குத் தோழி,
வேவு பார்க்கப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் விழும் அத்தை.
கடைசிக் காட்சியில் அவர்கள் கைகோர்க்கையில்
திரையின் இடது ஓரத்தில் தட்டோடு நிற்பாள்,
பாதித் தோள் வெட்டுப்பட்டு.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
மிச்சப் பாதியும் நடித்துக்கொண்டுதான் இருக்கிறது:
தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை
யாருக்கும் தெரியாமல் மடித்து வாயில் போடுகிறது.

ஒரே ஒரு பேட்டி கிடைத்தது,
பழைய பேப்பர்க்காரர் எடை போடும்போது உருவியது.
ஒன்பது வயதில் நாடகக் கம்பெனி,
பபூன் குடித்துவிட்டு வராத இரவில்
ஒட்டு மீசையோடு மேடைக்குத் தள்ளப்பட்டது,
எல்லாம் மூன்று வரியில் முடிந்துவிடுகிறது.
ஏன் நாயகி ஆகவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.
'நாயகி விழுந்தா பிடிக்க ஒரு ஆள் வேணும்.
நான் விழுந்தா தரையே போதும்.'
அதற்குக் கீழே மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம்.

நாற்பது படத்தில் விழுந்தவளுக்கு
கடைசியில் இடுப்பெலும்பு முறிந்தது குளியலறையில்.
ஆள் இல்லாத நேரம். கேமராவும் இல்லை.

இப்போது அந்தப் புருவத்தை ஊரே அனுப்புகிறது.
சம்பளம் நாளைக்கு என்கிற முதலாளிக்கு.
ஆரப்பாளையத்தில் டீ குடித்தபடி
'அரசரடி வந்துட்டேன்' என்கிற காதலனுக்கு.
மூன்று நாளாகப் பேசாத புருஷனும் பெண்டாட்டியும்
அடுத்தடுத்த அறைகளிலிருந்து, மாற்றி மாற்றி.
ஒருமுறை கை தவறி
துக்கச் செய்திக்குக் கீழேயும் போய்விட்டது;
செத்தவரின் மகன் பதிலுக்குக் கும்பிடு போட்டிருந்தார்.
இந்தம்மா யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மட்டும்
'அக்கா, இது நீங்களா?' என்றான்.

எதனால் சிரிப்பு வருகிறதென்று
ஒரு மழை நாளில் எண்ணிப் பார்த்தேன்.
கேள்வி முடிகிறது. அவள் ஒன்றும் செய்வதில்லை.
பத்தொன்பது ஃபிரேம். ஒரு விநாடிக்கு ஐந்து குறைவு.
அப்புறம்தான் புருவம்.
இரண்டைக் குறைத்தேன்: அவசரக்காரி.
மூன்றைக் கூட்டினேன்: காது கேட்கவில்லை.
வேறு படம், வேறு வருடம், வேறு டைரக்டர்,
பத்தொன்பது, பத்தொன்பது,
இருபது. அன்றைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும்.

போன பங்குனியில் குடும்ப நீதிமன்றம்.
அவர் தரப்பு வக்கீல் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
'கொடுமைப்படுத்தினாருன்னு சொல்றீங்க.
பிறந்தநாளுக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தாரா இல்லையா?'
ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த பதில்
நாக்கு நுனியில் இருந்தது.
நான் ஒன்றும் செய்யவில்லை.
மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.
பிறகு, தானாக, இடது புருவம்.

முதலில் சிரித்தது தட்டச்சுக்காரம்மா.
அப்புறம் டவாலி.
நீதிபதி குனிந்து எதையோ எழுதினார்,
தோள் மட்டும் குலுங்கியது.
வக்கீல் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்து
காகிதத்தைத் திருப்பி
மூடிக்கொண்டார்.

சிரிப்பு வந்தால் தீர்ப்பு வந்துவிடுமா,
வாய்தா ஆவணிக்குப் போனது.
வெளியே கடைசிப் படியில் கால் இடறி
அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் தரை சுட்டது.
யாராவது பார்த்தார்களா என்று ஒரு பார்வை,
பிறகு கைப்பையைத் துழாவினேன்.
காகிதம் ஒட்டிப்போன புளி மிட்டாய் ஒன்று இருந்தது.