எலும்பு பிடிக்கும் வரை

கீழ்த்தாடையில் இரண்டு திருகாணிகளை
முறுக்கி இறக்கிவிட்டு
மஞ்சக்குப்பம் டாக்டர் ஜெசிந்தா சொன்னார்:
"எலும்பு இதைப் பிடிச்சுக்க மூணு மாசம் ஆகும்.
அவசரப்பட்டா ஆடிடும்."

ஆக்லாந்தில் கேட்ட தொகைக்கு
இங்கே பல்லும் கட்டி, பயணச்சீட்டும் வாங்கி
மிச்சத்தில் ஒரு சங்கிலி எடுக்கலாம்.
அதற்காகத்தான் வந்தேன்.
சொந்தங்களைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டேன்.

படிவத்தில் ஒரு கட்டம்:
உடன் வந்தவர், உறவு.
கோடு போட்டுவிட்டேன்.

பெரியப்பா மகன் தேவநாதனின் வீடு
திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்.
ஏ.சி. உள்ள ஒரே அறையை எனக்கு விட்டுவிட்டு
நால்வரும் கூடத்தில் படுத்தார்கள்.
எனக்கு மட்டும் கேன் தண்ணீர்,
லேபிள் உரிக்காத கண்ணாடித் தம்ளர்.
நான்கு வயது மூத்த அஞ்சலாட்சி அண்ணி
என்னை வாங்க போங்க என்றாள்.

மெல்ல முடியாதவளுக்காக அந்த வீடே
குழையக் குழையச் சாப்பிட்டது.
ரவைக் கஞ்சி, மசித்த வாழைக்காய், சுறாப் புட்டு.
பலா மட்டும் விதிவிலக்கு.
பண்ருட்டிச் சுளைகளை அவர்கள் தின்னும்போது
வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தேன்.
"அத்த, ஒனக்குப் பல்லு மொளைக்குதா?"
என்றான் சின்னவன் கபிலன்.
அவனுக்கும் முன்னால் இரண்டு இல்லை.

தெருவில் எல்லோரிடமும் இரண்டே கேள்விகள்.
எப்ப வந்தீங்க.
எப்பக் கிளம்பறீங்க.
பால் பூத் குணசுந்தரியோ
இஸ்திரி வண்டிக்காரரோ
நடுவில் இருப்பதைக் கேட்கவில்லை.

தெற்குக் காற்று திரும்பிய இரவுகளில்
சிப்காட் பக்கமிருந்து ஒரு வாடை,
அழுகிய முட்டையில் மருந்தைக் கலந்ததுபோல.
எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.
கூடத்தில் ஒருவரும் புரண்டுகூடப் படுப்பதில்லை.

இருபத்துமூன்றாம் நாள்
கொடுவாவின் செதிலைச் சுரண்டிக்கொண்டே
நிமிராமல் ஆரம்பித்தாள் அண்ணி.
"மாமா கருமாதிக்கு நீ வரல."
வாங்க போங்க எங்கே போயிற்று என்று
முதலில் அதைத்தான் கவனித்தேன்.
"பணம் அனுப்பின. பந்தக்காரனுக்குக் குடுத்தோம்.
தானே புயல்ல கூர பறந்தப்ப ஒரே ஒரு போனு.
அதுவும் ஒங்க அண்ணங்கிட்ட பேசிட்டு வச்சிட்ட.
நான் ஒருத்தி பக்கத்துலயேதான் நின்னுகிட்டிருந்தேன்."

செதில் ஒன்று தெறித்து
என் முழங்கையில் ஒட்டியது.
தையல் பிரித்துப் பத்து நாளாகியிருந்தது,
வாய் திறக்கத் தடையில்லை.
விசா, விடுப்பு, பிள்ளையின் பரீட்சை.
வருஷக்கணக்காக அடுக்கி வைத்திருந்தவற்றில்
ஒன்றுகூட அந்த மீன் வாடையில் எழுந்து நிற்கவில்லை.
"மோட்டார நிறுத்து, தொட்டி வழியுது" என்றாள்.
ஓடினேன்.

அதன்பிறகு வேலைகள் வந்தன.
சிலிண்டர்காரரிடம் ஓ.டி.பி. சொல்வது,
கபிலனை டியூஷனிலிருந்து கூட்டிவருவது.
உழவர் சந்தையில் முற்றல் வெண்டைக்காய் வாங்கியதற்கு
இரண்டு நாள் திட்டு.
கத்திரி வெயிலில் கரண்ட் போன ஒரு ராத்திரி
தலையணையோடு கூடத்துக்கு வந்தவள்
அறைக்குத் திரும்பவில்லை.
தம்ளர் எப்போது எவர்சில்வரானது, தெரியாது.

ஒருநாள் அண்ணன் வண்டியில் ஏற்றிப்போய்
கெடிலக்கரையில் ஓர் இடத்தைக் காட்டினான்.
பெரியப்பாவுக்குக் கொள்ளி வைத்த இடம்.
ஆற்றில் ஆகாயத்தாமரை, அதில் ஒரு கொக்கு.
இருவரும் எதுவும் பேசவில்லை.
திரும்பும்போது பெட்ரோலுக்கு நான் காசு கொடுத்தேன்.
அவன் தடுக்கவில்லை.

ஜூலையில் எக்ஸ்ரே.
திருகாணியைச் சுற்றி
இடைவெளியில்லாமல் வெள்ளை.
"புடிச்சிக்கிச்சு" என்றார் டாக்டர்.
மறுபடி அதே படிவம்.
அண்ணி என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.
உடன் வந்தவர்: அஞ்சலாட்சி.
உறவு: நாத்தநார்.
ன போட வேண்டிய இடத்தில் ந.
நான் திருத்தவில்லை.

வெளியே கடலை வண்டி.
"அவிச்சதா, வறுத்ததா?"
"அவிச்சதே குடு. இவளுக்கு இன்னும் எட்டு நாளு ஆவும்."
கடலைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
எப்பக் கிளம்பறீங்க என்பார் என்று
பதிலோடு நின்றேன்.
"சில்லறை இருக்கா?" என்றார்.