பதினேழு கண்கள்

செப்டம்பரில்தான் பிரிக்க வேண்டும்.
விவாகரத்துக் காகிதம் வந்ததோ ஜூலையில்.
இரண்டு மாதம் ஒரே சமையலறையில்
ஆளுக்கொரு கெட்டிலில் தண்ணீர் கொதித்தது
விஸ்மாவுக்கும் ஓயார்ஸுக்கும்,
ஒரு பியோனிக்காக.

காரை அவன் எடுத்துக்கொண்டான், படகை அவள்.
நாய் தானாகவே யோசித்து
என் வாசலில் வந்து படுத்துக்கொண்டது.
மிச்சம் இருந்தது
ஜன்னலுக்குக் கீழே இருபத்திரண்டு வயதுப் புதர்.
வருஷத்தில் ஒன்பது நாள் பூக்கும்.
வெளிர் ரோஜா நிறம், நடுவில் பாலாடை.
மணம்,
எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய விரலால்
தேனைத் தொட்டதுபோல.

ஒருவர் மண்வெட்டியை மற்றவர் நம்பவில்லை.
"நீ வெட்டு, ஸைகா" என்றார்கள்,
அந்தக் கோடையில் இருவரும் சேர்ந்து சொன்ன
ஒரே வாக்கியம்.
நான் குல்டீகாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
வளைவில் எவ்வளவு இடம் விடுவதென்று தெரியும்,
வேரில் தெரியாது.

தோண்டி, ஒரு ராத்திரி காற்றில் கிடத்தினேன்.
பியோனி வேர் கேரட் மாதிரி, உடனே தொட்டால் ஒடியும்.
கொஞ்சம் வாடவிட்டால் வளைந்துகொடுக்கும்.
வேறு யாருக்கோ சொல்ல வேண்டியதுபோல் இருந்தது,
சொல்லவில்லை.

மறுநாள் ஹோஸால் மண்ணைக் கழுவியதும்
கண்கள் தெரிந்தன:
அடுத்த வருஷத்துத் தளிர்கள்,
பன்றிக்குட்டி மூக்குப்போலச் சிவந்து.
விஸ்மா எண்ணினாள். பதினேழு.
ஓயார்ஸ் எண்ணினான். பதினேழு.
இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்,
வகுபடாத எண்களைச் செய்தவன்
அங்கே உட்கார்ந்திருப்பதுபோல.

ரொட்டிக் கத்தியால் அறுத்தேன்.
இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு.
நடுவில் மூன்று கண், சுண்டுவிரல் நீள வேரோடு
தெறித்து என் பூட்ஸ் அருகில் விழுந்தது.
"பிழைக்காது" என்றான் அவன்.
"குப்பையில் போடு" என்றாள் அவள்.
ஏப்ரன் பையில் போட்டேன்.
பை குப்பைத்தொட்டி அல்ல என்பது
அப்போதே எனக்குத் தெரியும்.

வெட்டுவாயில் சாம்பல் தடவி
ஆளுக்கொரு வாளி கொடுத்தேன்.
விஸ்மா வென்டா ஆற்றுக்கு அக்கரையில் குடிபோனாள்.
குளிருக்குப் பயந்து
முழங்கை ஆழத்தில் புதைத்தாள் தன் பங்கை.
ஓயார்ஸ் பழைய குழியிலேயே வைத்தான்,
பச்சைச் சாணத்தை மூட்டையாகக் கொட்டி.
நான் கொட்டகைக்குப் பின்னால்,
லாவெண்டருக்கும் ஃபிளாக்ஸுக்கும் நடுவே.
கண்ணுக்கு மேல் இரண்டு விரல் மண், அவ்வளவுதான்.
அதன்மேல் ஸ்ப்ரூஸ் கிளை,
அதன்மேல் பனி,
அதன்மேல் யாரிடமும் சொல்லாத வாய்.

இரண்டு ஜூன் போயிற்று, இலை மட்டும்.
அக்கரையிலும் இலைதான்.
"ஆழம் அதிகம், மேலே எடு" என்று போனில் சொன்னேன்.
"மறுபடி தோண்டவா?" என்று வைத்துவிட்டாள்.
இக்கரையில் அதுவும் இல்லை. கருத்து அழுகிய இடத்தில்
ஓயார்ஸ் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
மாலையில் உட்காருகிறான்,
எதையோ மூடி வைத்திருப்பவன்போல.

மூன்றாம் ஜூனில் என்னிடம் ஒரே ஒரு மொட்டு.
எறும்புகள் கண்டுபிடித்தன, பிறகு நாய்.
விரிவதற்குள் பறித்துவிட நினைத்தேன்.
கத்தரிக்கோலும் கையுமாக மூன்று காலை போனேன்,
மூன்று தடவையும் ஃபிளாக்ஸைக் கத்தரித்துவிட்டு வந்தேன்.

விரிந்தது. நடுக்கோடை இரவுக்கு முந்தின நாள்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு,
அவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.
ஆற்றுக்காற்று கொட்டகையைச் சுற்றி வந்து
வேலியில் ஏறியது.
நாற்காலி கிறீச்சிட்டது.
வேலிக்கு மேலே ஓயார்ஸின் முகம்,
மூக்கு மட்டும் நகர்ந்தது.
திருடி என்பான் என்று நின்றேன்.
"விஸ்மாவுக்குச் சொன்னாயா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தாள்.
குனிந்தாள், நெடுநேரம்.
"தேன்" என்றாள்.
"எலுமிச்சை" என்றான் அவன்.
"எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், தேன்."
"உன் மூக்குக்கு என்ன தெரியும்."
நான் காபி போட உள்ளே போனேன்.
திரும்பி வந்தபோது சைக்கிள் இல்லை,
அவனும் இல்லை.
பூ இருந்தது. நாய் இருந்தது.

செப்டம்பரில் மண்ணை லேசாக விலக்கிப் பார்த்தேன்.
ஐந்து.
இரண்டு விரல் அளந்து
மறுபடி மூடினேன்.