முறைப்பாட்டு இலக்கம் நாற்பத்தொன்று

சுன்னாகம், மின்சார சபை. இரவுக் கடமை.
கோண்டாவில் லைனில் காவோலை விழுந்து
நாலு வட்டாரம் இருட்டு.

எனக்குக் கிரிக்கெட் தெரியாது.
ஆனாலும் ரெலிபோனுக்குள்ளால
மாட்ச் முழுக்க வந்தது.

"முப்பத்தாறு பந்து, நாப்பத்தெட்டு ஓட்டம்,
போன்ல சார்ஜ் நாலு வீதம்,
நீர் ஒரு மனிசியோ?"

"உலகக்கிண்ணம் நாலு வருசத்துக்கு ஒருக்கா பிள்ளை,
உங்கட கரண்ட் கிழமைக்கு நாலுதரம் போகுது."

இணுவில்காரர் ஒருத்தர்
விக்கெட் விழுந்ததுக்கும் என்னைத்தான் பேசினார்.
ஆர் வெல்லவேணும் எண்டு
ஒருத்தரும் வாய்விடேல்லை.

கம்பத்தில நிண்டு ஞானரூபன் கத்தினான்:
"போட்டாச்சு அக்கா!"

உடன எல்லா மணியும் நிண்டது.
தேத்தண்ணியில ஆடை.
சுவரில பல்லி சொன்னது
அப்பதான் கேட்டது.

பதினொண்டு பத்துக்கு ஒரு அழைப்பு.
சின்னப் பெடியன்:
"அக்கா... தோத்திட்டம்."

எந்த நாங்கள் எண்டு கேக்க
வாய் உன்னினது.
பேந்து
பெயர், விலாசம், கணக்கிலக்கம்
வழக்கம்போலக் கேட்டெழுதினன்.
பழுதின் வகை எண்ட கட்டத்தை மட்டும்
வெறுமையா விட்டன்.

அவன் இன்னும் வைக்கேல்லை.
நானும்.